ஹெப்ரானின் இடது கை

இடது பெருவிரலை லுங்கியில் ஒருமுறை துடைத்துக்கொள்கிறார் ஹெப்ரான். துடைத்த பிறகுதான் குமிழைத் தொடுவார். திரையில் நாங்குநேரிக் கல்யாணம் ஒன்று விரிந்து கிடக்கிறது. மேடை விளக்கு எல்லார் முகத்திலும் மஞ்சளை அப்பியிருக்கிறது. முதல் குமிழைத் திருகுகிறார், வெளிச்சம் ஏறுகிறது. அடுத்ததைத் திருக, மஞ்சள் இறங்குகிறது. பார்வை திரையை விட்டு அசைவதில்லை. தோசை திருப்புகிற லாகவத்தில் படம் படமாகப் போய்க்கொண்டே இருக்கிறார்.

சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துத் தருகிற கல்யாணப் படங்களை, பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கணினியில் சரிசெய்து கொடுப்பது அவர் பிழைப்பு. மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. டம்ளரைத் தூக்கினால் காபி சிந்தியது. அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படி வந்து சேர்ந்ததுதான் வரிசையாகக் குமிழ் வைத்து, கணினியோடு இணைத்த இந்தக் கறுப்புப் பெட்டி. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு வேலை. எல்லாவற்றையும் இடது கையே பார்த்துக்கொள்ளும்.

மனைவி பெர்சிஸ் அதற்கு வைத்திருக்கும் பெயர் அடுப்பு. "அடுப்புல உக்காந்தாச்சா? இனி மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திப்பாவ" என்று மாடிப்படியில் நின்று சொல்வார்.

மேலப்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் காஜா முகைதீனுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. படம் கொடுக்க வரும்போதெல்லாம் ஒரு வம்பு.

"என்னவே, ஒரு மவுஸ் செய்யுத வேலைக்கு இம்புட்டுத் திருகா? திருகி விட்டா படம் தானா வெந்துருமோ?"

"மவுஸ்னா கண்ணு அம்புக்குறி பின்னாலயே அலையணும் வே. இதுல கண்ணு படத்துலயே நிக்கும், கை தானாப் போவும். யோசிக்கவே வேண்டாம்."

"யோசிக்காமச் செய்யுததுக்கா ஒம்மகிட்ட தாரேன்?" என்று காஜா சிரிப்பார். கிளம்பும்போது மட்டும், "பொண்ணு மொகத்தக் கொஞ்சம் தூக்கி விட்டுரும்" என்று மறக்காமல் சொல்வார்.

இந்தத் தூக்கிவிடுதல் எல்லா வீட்டாரும் கேட்பது. கறுப்பை மாநிறமாக்கு, மாநிறத்தைச் சிவப்பாக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘கொஞ்சம் வெளிச்சமா’ என்பார்கள், அவ்வளவுதான். அதற்கென்றே கடைசிக் குமிழை ஒதுக்கி வைத்திருக்கிறார் ஹெப்ரான். விரல் பட்டுப் பட்டு அதன் விளிம்பு வழவழத்துவிட்டது.

மகள் கரோலின் அவர் நிறம், நல்ல கறுப்பு. பள்ளி விழாவில் ஒரு தோழியின் செல்போன் அவள் முகத்தைத் தானாகவே வெளுத்துக் காட்ட, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து யார் படமெடுத்தாலும் அவள் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். இந்த வருஷம் அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. முதன்முதலாக நற்கருணை எடுக்கும் பிள்ளைகளைக் கையில் வேதாகமத்தோடு தனித்தனியாகப் படமெடுத்துத் தருவது அவர்கள் சபையின் வழக்கம். பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேலை. படங்களைச் சரிசெய்யும் பொறுப்பு ஹெப்ரானுடையது. கரோலின் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"ஏட்டி, நீ இருக்கபடிதான் இருப்ப. அப்பா ஒன் மொகத்துல கை வைக்க மாட்டேன்."

"நெசமா?"

"நெசமா."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் போய் நின்றாள்.

வெள்ளைச் சேலையைப் படத்தில் காப்பாற்றுவது பெரும்பாடு. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் மடிப்பும் கரையும் காணாமல் போய், வேட்டியைக் காயப்போட்டது மாதிரி ஆகிவிடும். அன்று ஹெப்ரானின் கண் முழுக்கச் சேலைகளில்தான் இருந்தது. மொத்தப் படங்களும் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டன. சபையின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, "பாத்தீரா வே, பெட்டி செய்யுத வேலைய?" என்று காஜாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

சாயங்காலம் கரோலின் மாடிக்கு வந்து, அம்மாவின் செல்போனை அவர் முன்னால் நீட்டினாள். அழவில்லை.

"எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்லுதாவ. இது யாருப்பா?"

ஹெப்ரான் வாங்கிப் பார்த்தார். சேலையின் மடிப்புகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. அதற்கு மேலே, கரோலினின் கண்ணும் மூக்குமாக, கோதுமை நிறத்தில் யாரோ ஒருத்தி நின்றாள். எப்போது திருகினோம் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகமே வரவில்லை.

"வேணும்னு செய்யலட்டி. பழக்கத்துல கை தானாப் போயிட்டு."

"எல்லாப் பிள்ளையளுக்குமா?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் இறங்கிப் போகாமல் கதவோரம் நின்றாள்.

ஹெப்ரான் அவள் படத்தைத் திரையில் திறந்தார். இடது பெருவிரல் லுங்கியில் துடைத்துக்கொண்டு பெட்டியை நோக்கிக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் அதைக் கவனித்தார். அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இழுப்பறையிலிருந்து பழைய மவுஸை எடுத்தார். வீங்கிய வலது கையால் அம்புக்குறியை இழுத்து, இம்மி இம்மியாக, மகளின் கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கையை ஒருமுறை உதறிவிட்டு, அடுத்த பிள்ளையின் படத்தைத் திறந்தார். இடது கை தொடைக்கு அடியிலேயே இருந்தது.