பையைக் கவிழ்த்துப் பார்த்த டொக்டர்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் அம்மாவை ஒருமுறைதான் சந்தித்தேன். ஒல்லியான, உயரமான பெண்; கொண்டையில் நரை விழுந்திருந்தது. தொட்டுப் பார்க்குமுன் நோயாளி கொண்டுவந்த பையை மேசையில் கவிழ்த்துப் பார்ப்பது அவரது வழக்கமாம்.

என் கணவருக்கு வயிற்றெரிவு. ஆஸ்பத்திரியில் தந்த வெள்ளை மருந்தைக் குடித்தும் குறையவில்லை. புற்றோ என்று பயந்திருந்தோம். பையிலிருந்து மருந்துப் போத்தலோடு ஒரு குளிசைப் பொட்டலமும் விழுந்தது.

“இது என்ன?”

“மூட்டு நோவுக்குக் கடையில வாங்கினது, டொக்டர்,” என்றார் கணவர்.

“இதுதான் வயித்தைப் புண்ணாக்குது. இண்டையோட விடுங்கோ. வெள்ளை மருந்தைக் குலுக்கி, சாப்பிட்ட பிறகு குடியுங்கோ.” பிறகு மெல்லச் சிரித்தார். “நானும் இதைப் போட்டு வயித்தைக் கெடுத்தனான்.”

கணவரும் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வயல் அறுவடைக்கு வருமுன் எரிவு அடங்கி, வயிறாரச் சோறு சாப்பிட்டார். அந்த அம்மா எந்த நோவுக்கு அதைப் போட்டாரோ என்று இப்போதும் நினைப்பேன்.