பூதத்துக்கும் குரல் கொடுத்த ரேவதி

ஷமீம் காலை நேரத்தில் போன் செய்யமாட்டாள். அதனால் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் ஆட்கள் நின்றிருந்தபோதும் எடுத்தேன். "சுகு, ரேவதி போயிட்டாடி" என்றாள். கையிலிருந்த இருமல் மருந்தை யாரிடம் கொடுத்தேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரத்தத்தில் வந்த நோயோடு அவள் சென்னையில் ஒரு வருடத்துக்கும் மேலாகப் போராடிக்கொண்டிருந்தது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் நான் அந்தச் செய்திக்குத் தயாராக இல்லை.

நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அவளை ஞாபகம் இருக்கும். இரட்டைப் பின்னல், கணக்கில் சுமார், பேச்சில் கெட்டி. எனக்கும் ஷமீமுக்கும் நர்மதாவுக்கும் அவள் இன்னொருத்தியாகவும் இருந்தாள். அதை உங்களிடம் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் அவள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்து எடுத்துவந்தாள். அட்டையில் நெருப்பு கக்கும் பறக்கும் பாம்பு. ரேவதியின் அம்மா ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன புத்தகம் அது. விடுதிக்காரரே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "கதைப் புக்குன்னு நெனச்சேன்டி. பார்த்தா உள்ள கதையே இல்ல. கதைய நாமளே பண்ணணுமாம். எப்படிப் பண்றதுன்னு மட்டும் போட்டிருக்கான்" என்றாள். அகராதியை வைத்துக்கொண்டு அரையாண்டு விடுமுறை முழுக்க அதைப் படித்தாள். பாடப் புத்தகத்தை அவள் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

விளையாட்டு இதுதான். ஒருத்தி உலகத்தைச் சொல்லுவாள்: இங்கே காடு, இங்கே கோட்டை, கதவுக்குப் பின்னால் ஏதோ உறுமுகிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். இருபது முகம் உள்ள பகடைக்கு நாங்கள் எங்கே போவது? நர்மதா வீட்டில் இருந்த தம்போலா எண் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் வில்லைகளை எடுத்து ஒரு சுருக்குப் பையில் போட்டாள் ரேவதி. "நம்பர் ஜாஸ்தியா வந்தா நடக்கும், கம்மியா வந்தா நடக்காது. அவ்ளோதான்." அவள் சொன்ன கோட்டைகள் எல்லாமே பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த செஞ்சிக் கோட்டைதான். நர்மதா மந்திரக்காரி. ஷமீம் பூட்டு உடைப்பவள். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே குரல் உள்ளே போய்விடும் எனக்கு, வாள் வீசும் வீராங்கனை வேடம். அதைக் கொடுத்தவளும் ரேவதிதான். "நீதான் முன்னாடி போற. நீ சொன்னாத்தான் இவங்க நகருவாங்க" என்றாள்.

பௌர்ணமியன்று ஊருக்குள் பஸ் வராது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து படித்த நான், அப்பா வரும்வரை ரேவதி வீட்டில் இருப்பேன். மற்ற இருவரும் வந்துவிடுவார்கள். கிரிவலக் கூட்டம் வெளியே போய்க்கொண்டிருக்க, நாங்கள் உள்ளே பாதாள அறையில் தீப்பந்தத்தோடு அலைந்துகொண்டிருப்போம்.

அப்படி ஒரு பௌர்ணமி. வேனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் இடிபட்டு நடந்து வந்த அப்பா, சுருக்குப் பையையும் வில்லைகளையும் பார்த்துவிட்டார்.

"இன்னா இது, சூதாட்டமா? படிக்கிற புள்ளைங்க பண்ற வேலையா இது?"

படிப்பை நிறுத்திவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். ரேவதி எழுந்து நின்றாள்.

"இல்லப்பா. காசெல்லாம் கெடையாது. கதை. உக்காருங்க, நீங்களே பாருங்க. ஒரு பாலம் இருக்கு. நீங்க அந்தாண்ட போவணும். நடுவுல ஒரு பூதம் தடியோட படுத்திருக்கு. இன்னா பண்ணுவீங்க?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "எதுக்குப் படுத்துன்னு இருக்குது அது?"

"தெரியலப்பா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அப்பா வெறும் தரையைப் பார்த்து, "ஏம்ப்பா, வழியில படுத்திருக்கியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ரேவதி சிரிக்கவில்லை. பையை நீட்டினாள். அப்பா எடுத்த வில்லை பதினேழு. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கரகரத்த குரலில், "கால்ல முள்ளு குத்திருக்கு சாமி. எல்லாரும் அடிக்கத்தான் வந்தாங்க. யாருமே கேக்கல" என்றாள்.

அந்தப் பாலத்தில் நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தோம். ஒருமுறைகூடப் பூதத்திடம் பேச எங்களுக்குத் தோன்றவில்லை. அப்பா முள்ளை எடுத்தார், பாலம் கடந்தார். திரும்பும்போது வேனில், ஊர் நெருங்கும் நேரத்தில், "அந்தப் பூதத்துக்குக் கால் ஆறிடுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பௌர்ணமிகளில் என்னைக் கூட்டிப்போக அவர் அவசரப்பட்டு வந்ததே இல்லை.

ரேவதி இளகிய மனசுக்காரி. ஆனால் விளையாட்டில் சலுகை தரமாட்டாள். ஒருமுறை நர்மதாவின் மந்திரக்காரி செத்துப்போனாள். நர்மதா அழுதே விட்டாள். இன்னொரு வில்லை எடுக்கட்டும் என்று நாங்கள் கெஞ்சினோம். "இல்ல. அவ செத்துட்டா. பொய்யாப் பொழைக்க வெச்சா அவ பண்ணதெல்லாமும் பொய்யாயிடும்" என்றாள் ரேவதி. பிறகு நர்மதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மந்திரக்காரியை எங்கே புதைக்கலாம் என்று அவளையே கேட்டாள். நர்மதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சுனைப் பக்கமாக இடம் சொன்னாள்.

நான்கு பேரும் நான்கு திசைக்குப் போனோம். ரேவதிக்குச் சென்னையில் காப்பீட்டு அலுவலக வேலை. எனக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்த முறை, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயத்தில் நான் யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தேன். ரேவதியே போன் செய்தாள், "எப்படி இருக்க?" என்று கேட்கவில்லை. "கப்பல் ஒரு தீவுல கரை ஒதுங்கிடுச்சு. மழை பெய்யுது. நீ முழிச்சுப் பாக்குற, வாளக் காணோம். இன்னா பண்ற?" என்றாள். ஷமீமும் நர்மதாவும் ஏற்கெனவே இணைப்பில் இருந்தார்கள். குழந்தை பிறக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாங்கள் அந்தத் தீவில் இருந்தோம். என் மகள் யாழினி பிறந்ததற்கு மருத்துவத்துக்கு நன்றி. அத்தனை மாதம் நான் உடைந்துபோகாமல் படுத்துக் கிடந்ததற்கு ரேவதிக்கு நன்றி.

கடைசியாக அவளோடு பேசியது ஆஸ்பத்திரியில் அவள் இருந்தபோது. குரல் மிகவும் இறங்கியிருந்தது. யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு யானை படிக்க வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் திக்கி, மறந்து, மறுபடி முதலிலிருந்து வந்தாள். களைத்திருப்பவளைத் தொந்தரவு செய்கிறாளே என்று நான் போனை வாங்கப் போனேன். "விடுடி" என்றாள் ரேவதி. மூச்சு வாங்க, குழந்தையிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "அப்புறம்?" யாழினி யானைக்குப் பெஞ்சு போட்டாள். "அப்புறம்?" யானைக்கு டிபன் பாக்ஸ் வந்தது. கதை முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். மாலையில் யாழினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சொல்லத் தொடங்குவாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

"அப்புறம்?" என்று கேட்கிறேன்.