பியானோவுக்குப் பிடித்த காத்து

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பியானோவுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். சிரிக்காதீர்கள்... காரணம் நான்தான்.

அது தானே வாசிக்கும் பியானோ. கீழே மிதித்தால் உள்ளே காற்றை இழுக்கும், துளை போட்ட காகிதச் சுருள் சுற்றும், துளைக்கு ஏற்ற கட்டை தானாக இறங்கும். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மேனேஜர் பங்களாவை இடித்தபோது வாங்கினேன். அந்தப் பங்களா ஹாலுக்குள், தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் குடும்பத்தில் யாரும் கால் வைத்ததில்லை. பியானோ மட்டும் ஈப்போவுக்கு வந்து எங்கள் ஹாலில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்தது சரி, வாசிக்க வேண்டாமா? உள்ளே எண்பத்தெட்டு ரப்பர் குழாய்களும் பழைய முறுக்கு மாதிரி நொறுங்கிக் கிடந்தன. பால் மரம் சீவிய பரம்பரையில் பிறந்தவன் — ரப்பர் குழாய்க்கு எட்டு மாதம் அலைந்தேன்! கடைசியில் மீன் தொட்டிக் கடையில் கிடைத்தது. மீட்டர் மீட்டராக அளந்த சீன அங்கிள் அசந்துபோய்க் கேட்டார், "எத்தன தொட்டி லா ஒனக்கு?"

எல்லாவற்றையும் மாட்டினேன். மிதித்தேன். புஸ்... அவ்வளவுதான்.

என் மனைவி கமலாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சனிக்கிழம பழைய சாமான் எடுக்குற பேப்பர் லாமா லாரி வரும். பழைய பேப்பரோட இதையும் ஏத்தி விட்டுருவேன். ஹால்ல நடக்க எடம் இல்ல!"

சொன்னால் செய்வாள். சிலிம் ரிவரில் இருக்கும் அவள் தம்பிக்குப் போன் போட்டேன்.

"மச்சான், பியானோல காத்து பிரச்சன. எங்க வருது, எங்க போவுதுன்னே தெரியல. காத்து பாக்குற ஆளு யாராச்சும் இருக்கா?"

"தானா வாசிக்குமே, அதுவா? பங்களா சாமான்னு சொன்னப்பவே நெனச்சேன்! தொடாதீங்க மச்சான், ஆள கூட்டிட்டு வாரேன்."

சனிக்கிழமை காலையில் கூட்டிவந்தார். வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, கையில் எலுமிச்சம்பழம், சாம்பிராணித் தட்டு... பூசாரி!

நான் வாயைத் திறப்பதற்குள் பழம் மூன்று சுற்று சுற்றிவிட்டது. "அண்ணே, மிதிங்க," என்றார். மிதித்தேன். திறந்து கிடந்த பியானோவின் அருகே சாம்பிராணியைக் காட்டினார். புகை மேலே போகவில்லை. விர்ரென்று வளைந்து, அடியில் இருந்த தடிமனான குழாய்க்குள் புகுந்தது. பூசாரி குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இது அந்தக் காத்து கருப்பு இல்ல. ஹோஸ் வெடிச்சிருக்கு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூசாரி வேல வெள்ளி, சனிதான். மத்த நாள்ல ஜெலாப்பாங் பட்டறைல லாரிக்கு ஏர் பிரேக் பாக்குறேன் லா. அதுவும் காத்துதானே!"

வேட்டியை மடித்துக் கட்டினார். தன் வேனில் இருந்த லாரி ஹோஸில் ஒரு துண்டு வெட்டி மாட்டினார். மறுபடி மிதித்தேன். ஒரு கட்டை இறங்கியது... இன்னொன்று... அப்புறம் மொத்தமாக! ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மச்சான் மட்டும் பயந்துபோய் வாசலுக்கு ஓடிவிட்டார்.

அதே நேரம் வாசலில் லாரிச் சத்தம் — "பேப்பர் லாமா!" கமலா விறுவிறுவென்று போனாள். எனக்கு மிதிப்பு தப்பியது.

"இன்னிக்கு பேப்பர் மட்டுந்தான்!" என்ற அவள் குரல் கேட்டது. திரும்பி வந்து என் தோளைத் தட்டினாள். "தள்ளுங்க, நான் மிதிக்கிறேன்."

உங்கள் வீட்டிலும் காத்து பிரச்சனையா? தாராளமாக ஆளைக் கூப்பிடுங்கள்... எந்தக் காத்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!