கைச்சாடையும் கழுத்து மைக்கும்

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டினேன். காதில் பஞ்சாவது வையுங்கள் என்று சொன்ன ஒருவரையும் மதிக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற கையோடு காதும் ஓய்வு பெற்றுவிட்டது.

வீட்டில் பேச்சு நின்று, துறைமுகத்துக் கைச்சாடை வந்தது. கட்டைவிரல் மேலே போனால் தூக்கு, உள்ளங்கை கவிழ்ந்தால் இறக்கு, விரல்கள் மடங்கி முட்டியானால் நிறுத்து. என் மனைவிக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் கட்டைவிரலைக் காட்டினால் நான் எழுந்து சாப்பிட வரவேண்டும். முட்டியைக் காட்டினால், போதும், இனி சோறு கிடையாது. பத்து வருடக் குடித்தனம் இப்படியே ஓடியது.

இத்தனைக்கும் அவள் பெரிய வாயாடி. கல்யாணமான புதிதில் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டை வரை பஸ்ஸில் போய்வந்தாலே அந்தக் கதை பொழுது அடையும் வரை நீளும். பக்கத்து சீட்டுக்காரியின் கம்மலில் தொடங்கி அவள் மருமகள் சண்டை வரை ஒன்று விடமாட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில், "ஏளா, கொஞ்சம் வாய மூடுதியா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கடைசியில் அந்தப் பேச்சுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

போன வருடம் மகள், காதுக் கருவியோடு ஒரு சின்ன மைக்கும் வாங்கி வந்தாள். விரல் நீளம்தான். பேசுகிறவர் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வயர் இல்லாமலே பேச்சு என் காதுக்குள் வந்துவிடுமாம். அடுப்படியில் நின்று பேசினாலும் கேட்கும் என்றாள். மனைவியின் கழுத்தில் மாட்டிவிட்டு, தூண்டில் போட்டவன் மாதிரி காத்திருந்தேன்.

வளையல் சத்தம் கேட்டது. சேலை உரசுவது கேட்டது. கடுகு வெடித்தது. அவள் மூச்சுகூடக் கேட்டது. பேச்சை மட்டும் காணோம். மைக்கைத் தொங்கவிட்டுக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாள், சாப்பிட வாங்க என்று! பேசு என்றால் தலையாட்டுவாள், மறுபடியும் கைதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தோளைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. காதுக்குள் அவள் குரல் வந்தது, கரகரப்பாக, வயதாகி.

"உங்களுக்குக் கேக்காதுன்னு ஒவ்வொண்ணா முழுங்கி முழுங்கிப் பழகிட்டேன். இப்ப எதுல இருந்து ஆரம்பிக்க?"

விட்டதிலிருந்து ஆரம்பி என்றேன்.

சாளை மீன் விலையில் ஆரம்பித்தாள். திரேஸ்புரத்து மீன்காரியோடு போட்ட சண்டை, மாடி வீட்டுக்காரி சாத்தான்குளத்துக்குக் குடிபோனது என்று சுற்றிச் சுற்றி, அவள் அம்மா இறந்த நாளில் வந்து நின்றாள். ஆறு வருடம் ஆகிறது. அன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அத்தையின் உதடு அசைந்தது எனக்கு நினைவிருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்களாம், மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா என்று. நான் பேசாமல் நின்றிருக்கிறேன். அவர்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கண்ணைத் திறந்தேன். "சாப்பிட்டேன் அத்தைன்னு சொல்லியிருப்பேனேளா" என்றேன்.