குழாயைக் கழற்றியவர்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் எதிரே டீக்கடையில் நின்றபோது போனில் செய்தி வந்தது. பேசியது கரிவலம்வந்தநல்லூரிலிருந்து, சுடலைமுத்து அண்ணாச்சியின் மகள். "சித்தப்பா, அப்பா போயிட்டாக. காலையில எந்திரிக்கவே இல்ல" என்றாள். குடித்த பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தெருமுனையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஃபிளெக்ஸ் போர்டு. பட்டாளத்து உடுப்பில் அண்ணாச்சி ஒரு தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் நிற்கிறார். கீழே பெரிய எழுத்தில், 'மலைநாட்டுக்குத் தண்ணீர் தந்த மாவீரர்.' கட்டிக்கொண்டிருந்த பையன்களிடம் சொன்னேன்.

"இதக் கழத்துங்கலே."

"ஏன் பெரியப்பா? போட்டோ நல்லாத்தான இருக்கு?"

"போட்டோ நல்லாருக்கு. அதுல இருக்க குழாயக் கழத்துன மனுசன்லே அவுக."

"உமக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்வே. சாவு வீட்டுலயுமா?" என்றார் அண்ணாச்சியின் மைத்துனர். போர்டு இறங்கவில்லை. பதினாறாம் நாள்வரை அது அங்கேயே நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் தெரிந்ததைத் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் படைப்பிரிவு வடகிழக்கு மலையில் இருந்த காலம் அது. காட்டுக்குள்ளே ஆயுதம் ஏந்தியவர்கள், ஊருக்குள்ளே அவர்களுடைய தாய் தகப்பன், நடுவில் நாங்கள். முகாமுக்குக் கீழே ஓர் ஊர் இருந்தது. நாங்கள் போவதற்கு முன்பே அங்கே இரண்டு வீடுகள் எரிந்திருந்தன. யார் வைத்த தீ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்களைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். அந்த ஊர் எங்களை மறுபடி நம்பும்படி செய்ய ஒரு சின்னக் குழு அமைத்தார்கள். நாயப் சுபேதார் சுடலைமுத்து அதற்குத் தலைவர். நான் வண்டி ஓட்டுகிறவன், ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன். சுமை தூக்க வந்த ஆட்களோடு பேசிப் பேசி அவர்கள் பாஷையைப் பிடித்திருந்தேன். அதனால் மொழிபெயர்ப்பாளனும் நான்தான்.

துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஊருக்குள் போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அண்ணாச்சி கேட்கவில்லை. "மறைச்சு வச்சா, மறைச்சு வச்சிருக்கான்னுதான் நெனைப்பான். அவன் பாக்கும்போதே வண்டியில வச்சுட்டு எறங்குவோம்" என்றார். அப்படித்தான் தினமும் இறங்கினோம். பள்ளிக்கூடக் கூரையைச் சரி செய்தோம். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தோம். மெல்ல மெல்ல ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

ஊற்று ஊருக்கு வெளியே, மலைச்சரிவில் தள்ளி இருந்தது. பெண்கள் முதுகுக் கூடையில் மூங்கில் குழல்களை அடுக்கி, கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, அத்தனை தூரம் இறங்கி ஏறுவார்கள். எங்களால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாங்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். "வீட்டு முன்னால தண்ணி வந்துட்டா போதும்வே, நம்மளச் சாமியாக் கும்பிடுவாக" என்றார் அண்ணாச்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊர்க்கூட்டத்தில் கேட்டோம். சிவப்புச் சால்வை போர்த்திய ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவர் சொன்னது இது: "வேண்டாம். எங்களுக்கு ஊற்று இருக்கிறது."

"என்னவே சொல்லுதாக?" என்று அண்ணாச்சி கேட்டார்.

நம் பக்கத்தில் விருந்துக்குப் போனவருக்குக் காபி கொடுத்தால் முதலில் வேண்டாம் என்பார், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வார். முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பார்த்துச் சிரிப்போம். அந்த அம்மாவும் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஒங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொல்லுதாக அண்ணாச்சி" என்றேன். அவர் சொன்னது அதுவல்ல. நான் சொன்னதுதான் அது.

குழாய் வந்தது. போட்டோ எடுத்தார்கள். ஃபிளெக்ஸில் இருப்பது அந்தப் போட்டோதான். படத்துக்கு வெளியே சிவப்புச் சால்வை அம்மா கைகட்டி நின்றிருந்தார். எனக்குத் தெரியும், பக்கத்தில் நான் நின்றேன்.

அடுத்த வாரமே முகாமிலிருந்து உத்தரவு வந்தது. ஊருக்குள்ளே தண்ணீர் இருக்கிறது, இனி யாரும் ஊற்றுப் பாதையில் போகத் தேவையில்லை, பாதை மூடப்படுகிறது. கண்காணிக்க வேண்டிய இடங்களில் ஒன்று குறைந்தது என்று மேலே இருந்தவர்களுக்கு நிம்மதி. அந்தப் பாதையில்தான் அவர்களுடைய மலைக்காடும் விதைப்பு நிலமும் இருந்தன. முன்னோரைப் புதைத்த இடங்களும் இருந்தன. அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்த பெண்கள் ஊற்றடியில்தான் தாயைப் பார்த்துப் பேசுவார்கள். தண்ணீர் எடுக்கப் போகிறோம் என்பது ஒன்றுதான் அவர்களுக்கு வெளியே போகக் கிடைத்திருந்த காரணம். அதை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

அண்ணாச்சி இரண்டு முறை முகாம் அதிகாரியிடம் போய்ப் பேசினார். பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது முறை போவதற்குள், ஒரு விடியற்காலையில், பனிமூட்டத்தில் அந்தப் பாதையில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டுக் காவலுக்கு நின்ற எங்கள் பையன் சுட்டுவிட்டான். நாங்கள் ஓடிப் போனோம். கூடையில் மூங்கில் குழல்கள் காலியாக இருந்தன. சால்வை சிவப்பாக இருந்ததால் எங்கே பட்டது என்று உடனே தெரியவில்லை.

ஊரில் எல்லாக் கதவும் மூடியது. முன்பு பயத்தில் மூடின கதவுகள் அவை. இப்போது மூடியது வேறு. குழாய் மட்டும் சரியாக மூடாமல் ஊர் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணாச்சி பெரிய பைப் ரென்ச்சோடு போனார். நான் பின்னால் போனேன். ஊர் முழுக்கக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்க, குழாயைக் கழற்றினார். பிறகு பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வண்டியில் ஏற்றினார். முகாமுக்கு வந்து அதிகாரி முன் விறைத்து நின்று சொன்னது ஒரே வாக்கியம்: "ஊரில் தண்ணீர் இல்லை, சார்." தண்ணீர் இல்லாத ஊருக்குப் பாதை திறக்காமல் முடியாது. திறந்தார்கள்.

அன்று தொடங்கி மழை பிடிக்கும்வரை, தினமும் காலையில் பெண்களுக்கு முன்னால் அவர் வெறுங்கையோடு நடந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. ஒரு நாள் ஊற்றடியில் ஒரு பெண் மூங்கில் குழலை அவர் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள். குடித்தார். எங்களுக்கு அந்த ஊரில் கிடைத்தது அவ்வளவுதான். அதற்குமேல் எழுதுகிறவன் பொய் எழுதுகிறான்.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக விசாரணை வந்தது. கூட்டத்தில் மொழிபெயர்த்தது யார் என்று கேட்டார்கள். "கேட்டது நான், முடிவு செஞ்சது நான்" என்றார் அண்ணாச்சி. என் பெயரைச் சொல்லவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை. சுபேதார் ஆகவேண்டியவர் நாயப் சுபேதாராகவே ஊர் திரும்பினார். அதற்காக எத்தனையோ மனு எழுதினேன். பதில் கிடையாது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது, இன்றும்.

ஊருக்கு வந்தபிறகு அவர் வீட்டுக்குள் குழாய் வைக்க விடவில்லை. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தபோதும் கையெழுத்துப் போடவில்லை. தெருக்குழாயில் பிடித்து சைக்கிளில் கொண்டுவருவார். டீக்கடையில் எங்காவது தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் பாதிப் பேச்சில் எழுந்துவிடுவார். மார்கழியில் திருவேங்கடம் ரோட்டில் கரிசல் காட்டின்மேல் பனி கிடக்கும். வெயில் ஏறும்வரை வண்டியை எடுக்க மாட்டார். "பனி வெலகட்டும்வே. எதுக்க வாரது யாருன்னு தெரியட்டும்" என்பார்.

போன வருடம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில், அவருடைய பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொல்லிவிட்டேன். அந்த அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் மாற்றிவிட்டேன் என்று.

பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தெரியும்வே. அவுக மூஞ்சியே சொல்லிச்சே, அதுக்கு பாஷை எதுக்கு? எனக்குக் குழாய் போடணும். அதனால நீரு சொன்னத நம்பிக்கிட்டேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் அண்ணாச்சியின் மருமகன் என்னிடம் வந்தார். வீட்டுக்குள் குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கலாமா, மாமாவின் ஆசைக்கு விரோதமாகிவிடுமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சியின் மனைவி முற்றத்தில் நின்றார். இடுப்பில் குடம். அண்ணாச்சிக்கு மூட்டு தேய்ந்தபிறகு தெருக்குழாயிலிருந்து சுமந்தது அவர்தான். இது என் கண்ணில் எத்தனையோ தடவை பட்டிருக்கிறது. ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை.

"மதினி, ஒங்களுக்கு வேணுமா?" என்று கேட்டேன்.

குடத்தை இறக்கி வைத்தார். "வேணும் தம்பி" என்றார். "இத்தன வருசமா அவுகளும் கேக்கல, நீங்களும் கேக்கல."

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிச்சமாக இருப்பது போட்டோ அல்ல, ரென்ச்சும் அல்ல. கேட்டபிறகு, பதிலை மாற்றாமல் நிற்பது. மலையில் அவர் தாமதமாகக் கற்றதை, அவர் வீட்டு முற்றத்தில் அவர் போனபிறகு நான் கற்றேன். மருமகனிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மதினி காபி கொண்டுவந்தார். உண்மையிலேயே வேண்டியிருந்தது. முதல் தடவையே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.