தாவூஸ் ஓடாத ரமலான்

நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எங்கள் தெருவில் எந்த வாசலில் நின்று மூச்சை இழுத்தாலும் சரி, என் வீட்டு ஜாரியின் மணத்துக்கு ஈடு கிடையாது. பச்சைக் கோதுமைக் குறுநொய்யும் ஆட்டு எலும்பும் கொத்தமல்லியும் போட்டு நான் வைக்கிற சூப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றவன், பஸ் லாரிகளின் பிரேக்கைக் கழற்றி மாட்டியே கான்ஸ்டன்டைன் நகரத்தில் இரண்டு பட்டறை எழுப்பியவன், எதற்காகக் கரண்டி பிடித்தான் என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் என் மனைவி தாவூஸ் வீட்டில் இருக்க மாட்டாள். ஓடப் போய்விடுவாள்.

மற்ற மாதங்களில் விடியற்காலையில் ஓடுவாள். ரமலானில் மட்டும் மாலையில். ஊரே அடுப்படியில் நிற்கும், ரோட்டில் வண்டி இருக்காது, பள்ளத்தாக்கின் மேலே தொங்குபாலம் காலியாகக் கிடக்கும். அதைத் தாண்டி அந்தப் பக்கத்து மேடுவரை போய்விட்டு, பாங்கு சொல்லும் நேரத்துக்குச் சரியாகக் கதவைத் திறப்பாள். வெறும் வயிற்றோடு ஓடி வந்தவள் முகம் அது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏதோ ஒரு பெரிய செய்தியைக் கொண்டுவந்து இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறவள் போல இருப்பாள். நான் நீட்டுகிற தண்ணீரைக் குடிக்கும்போதும் அது இருக்கும். இரண்டு கிண்ணம் ஜாரி உள்ளே போனதும் மெல்ல மறைந்து, தபாலாபீஸ் கவுண்டரில் ஆயுசெல்லாம் உட்கார்ந்திருந்த பழைய முகம் வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்து முகத்துக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். இதை அவளிடம் சொன்னதில்லை. பட்டறைக்காரன் சொல்கிற பேச்சா இது?

முகத்தைப் பார்த்துப் பெண் கட்டினவர்கள் ஊரில் நிறையப் பேர். நான் காலைப் பார்த்துக் கட்டினவன். அப்போது நான் எடுபிடி வேலையில் இருந்தேன், பொழுதெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வியாழக்கிழமை தோறும் பட்டறையைத் தாண்டி ஓடுவார்கள். அங்கே கிடந்தபடி எனக்குத் தெரிவதெல்லாம் கணுக்கால் வரைதான். தொப்புத் தொப்பென்று விழும் கால்களுக்கு நடுவே ஒரு ஜோடி மட்டும் தரையைத் தொட்டதும் எழும்பிவிடும். ஸ்பிரிங் வைத்த கால். யாருடையது என்று விசாரித்தேன். போஸ்ட்மாஸ்டர் மகள் என்றார்கள். கையெழுத்துக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவனுக்குப் பெண்ணா என்று அவர் கதவை அடைத்தார். நான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு திரும்ப வந்தேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பேங்க் மேனேஜர்கள் இன்று எழுந்து நாற்காலி போடுகிறார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் நாட்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டு ரத்தம் ஓடிய வருஷங்கள் வந்தன. பெண் என்ன, ஆண்பிள்ளையே தனியாக ரோட்டில் ஓட முடியாது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. மொட்டைமாடியில், துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே சுற்றிச் சுற்றி ஓடுவாள். செக்குமாடு மாதிரி ஏன் சுத்துறே என்று கேட்டேன். "பாலம் திறக்கிற அன்னைக்குக் காலு மறந்துபோயிருக்கக் கூடாதுல்ல" என்றாள். அப்படிப்பட்ட வருஷங்களால் நிறுத்த முடியாதவளைத்தான் போன குளிர்காலத்தில் ஒரு நரம்பு நிறுத்தியது.

முதலில் வலி காலையில் மட்டும்தான். கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு, மரக்கட்டையை ஊன்றுகிறவள் போல நடப்பாள். கெண்டைக்கால் இறங்கி வந்து குதிகாலில் பிடிக்கிற இடத்தில் நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். தேநீர் போட்டு முடிப்பதற்குள் இளகிவிடும். ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனால் வலித்த சுவடே இருக்காது. சிரித்துக்கொண்டே வருவாள்.

"போயிடுச்சுங்க. சுத்தமாப் போயிடுச்சு."

மறுநாள் காலையில் சுவரை இன்னும் கெட்டியாகப் பிடிப்பாள். இதே கதை வாரக்கணக்கில் நடந்தது. கடைசியில் டாக்டரிடம் காட்டினோம்.

கீழ்வீட்டு மெஸ்ஊதாவுக்கு எங்களைவிட வயது கூட, நாக்கு அதைவிட நீளம். டாக்டர் என்ன சொன்னாள் என்று படிக்கட்டிலேயே மறித்துக் கேட்டாள்.

"உர்கூப் இறுகிப்போச்சாம் அக்கா," என்றாள் தாவூஸ். அந்த நரம்புக்கு எங்கள் பாஷையில் உர்கூப் என்றுதான் பெயர்.

"அடி பாவி, அவன்கிட்டயா மாட்டினே! விளங்கினாப்லதான்."

பழைய காலத்து ஏமாற்றுக்காரன் ஒருவனுக்கும் அதே பெயர். உதவி கேட்டு வந்த தம்பியிடம், பேரீச்சை பாளை விடட்டும் வா என்றான். பாளை விட்டதும் காயாகட்டும் என்றான். காய்த்ததும் சிவக்கட்டும், சிவந்ததும் கனியட்டும், கனிந்ததும் காயட்டும் என்றான். கடைசியில் யாருக்கும் தெரியாமல் தானே குலையை வெட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"சாயங்காலம் வான்னு கூப்பிடும், காலையில கையை விரிக்கும். பேருக்குத் தகுந்த நரம்புதான்டி உனக்கு," என்று சிரித்தாள் மெஸ்ஊதா. தாவூஸும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு விட்டாளா மெஸ்ஊதா? ஹம்மாமுக்கு, அதுதான் ஊர்ப் பொதுவான வெந்நீர்க் குளியல் கூடத்துக்கு, கூட்டிக்கொண்டு போனாள். அங்கே உடம்பு தேய்க்கிற பெண்ணுக்கு எங்கள் பட்டறை ஜாக்கியின் பலம். இறுகினதை இழுத்தால் இளகும் என்று, சுடுதண்ணீரில் ஊறிய பாதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே இழுப்பு. வீட்டுக்குத் திரும்பும்போது, கூட்டிவரப் போன என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தாவூஸ் வந்தாள். அப்படி அவள் என் தோளைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

திரும்பவும் டாக்டரிடம் போனோம். டாக்டர் பெண் சின்ன வயசு. திட்டவில்லை.

"இழுக்காதீங்கம்மா. இழுத்து இளக்கற சமாச்சாரம் இல்ல இது. பாரம் தாங்கப் பழக்கணும். படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை வச்சு நில்லுங்க. ரெண்டு குதிகாலையும் தூக்குங்க, அப்புறம் மெல்ல, ரொம்ப மெல்ல இறக்குங்க. வீட்டுல வெறுங்காலோட தரை கழுவாதீங்க. தட்டைச் செருப்பும் வேண்டாம்."

"எப்ப ஓடலாம்?"

"ரமலான் போகட்டும். ஈத் முடிஞ்சு பாக்கலாம்."

வெளியே வந்ததும் தாவூஸ் என்னைப் பார்த்தாள். "காயாகட்டும்னு சொல்லிட்டா," என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு அவளுடைய ஓடுபாதை ஆயிற்று. சுவரில் ஒரு விரலை ஊன்றி, படி விளிம்பில் நின்று, குதிகாலைத் தூக்கி இறக்குவாள். ஏறி இறங்குகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன தாவூஸ் அக்கா, ஏறப் போறீங்களா, இறங்கப் போறீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன். நீ போ."

ரமலான் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருந்து பழகாதவள் என் அடுப்படியில் வந்து நின்றாள். மூடியைத் திறந்து பார்த்தாள், கொத்தமல்லியைக் கிள்ளினாள், நான் திரும்பிய சமயத்தில் உப்பைப் போட்டாள். நானும் ஏற்கெனவே போட்டிருந்தேன். அன்றைக்கு ஜாரியில் வாய் வைக்க முடியவில்லை.

"யாரு சொன்னா உன்னை உப்புப் போடச் சொல்லி?"

"என் வீட்டு அடுப்புல உப்புப் போட யாருகிட்ட சீட்டு வாங்கணும்?"

"இத்தனை வருஷமா இது யாரு அடுப்பு? ஊரே மோந்துட்டுப் போகும்!"

"ஆமா, ஊரு மோந்துச்சு. நான்தான் ஓடிட்டேன்," என்றவள் அப்படியே ஜன்னல் பக்கம் போய்விட்டாள். கீழே யாரோ ஓடிப் போனார்கள். முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, "குதிகாலைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓடுறான். அவனுக்கும் ஒருநாள் வரும்," என்றாள். அப்புறம், "பாவம், வர வேண்டாம்," என்றாள்.

நான் கரண்டியைக் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். எத்தனையோ கழன்றுபோன சாமானை மாட்டியிருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் தூக்கிப் போடச் சொன்ன பிரேக்கெல்லாம் என் கையில் பிழைத்திருக்கிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

மாதம் பாதி போயிருக்கும். ஒருநாள் மாலை அறையிலிருந்து வந்தவள் காலில் ஓடுகிற ஷூ. லேஸ் கட்டியிருந்தது.

"இன்னைக்குக் காலையில சுவரைப் பிடிக்கலை," என்றாள். "கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். அவள் எழுவதற்கு முன்பே எழுந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இலவம்பஞ்சு மாதிரி இருக்கு. பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன். அவ்வளவுதான்."

போ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கதவைத் திறந்துகொண்டு அந்த முகத்தோடு அவள் திரும்பி வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு அது வேண்டும். அவளைவிட எனக்கு வேண்டும். ஆனால் சாயங்காலம் வா என்றழைத்துக் காலையில் கையை விரிக்கிற அந்த நரம்பை நம்பி எப்படி அனுப்புவது? இன்னொரு தடவை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நான் பார்க்க மாட்டேன்.

அடுப்பைக் குறைத்தேன். மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன்.

"மெஸ்ஊதா! இங்க வந்து ஜாரியைக் கிண்டு. உப்புப் போட்டாச்சு. தொட்டே, கையை முறிச்சிடுவேன்."

"எங்க போறீங்க ஹாஜி, இந்நேரத்துல?"

"என் பெண்டாட்டியோட நடக்கப் போறேன். உனக்கென்ன?"

தாவூஸ் என்னை உற்றுப் பார்த்தாள். "நடக்கவா?"

"நடக்கத்தான். என்னால ஓட முடியுமா? இந்த வயித்தைப் பாரு."

அவள் கூடவே வந்தாள்.

இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் நான் அடுப்படியில்தான் இருந்திருக்கிறேன். ஊர் இப்படிக் காலியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைக்கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் வெங்காயம் வதங்கும் வாசனை இறங்கி வந்தது. பாலத்தில் கால் வைத்ததும் கீழேயிருந்து காற்று மேலே வந்து சட்டைக்குள் புகுந்தது. இதற்காகத்தான் இவள் வந்துகொண்டிருந்தாளா என்று நினைத்தேன். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா?

பாலத்தின் நடுவுக்கு வந்ததும் நின்றாள். பின்னாலிருந்து நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அவளோடு ஓடுகிறவர்கள்.

"அக்கா! தாவூஸ் அக்கா! வாங்க!"

"போங்கடி, வரேன்!" என்று கத்தினாள். உடம்பு முன்னால் சாய்ந்தது. நான் என்னையறியாமல் அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறேன். அவள் உதறவில்லை. அந்தப் பெண்கள் போனார்கள். அந்தக் கரையில் மேடு ஏறி, வளைவில் ஒவ்வொருத்தியாக மறைந்தார்கள். கடைசியாகப் போனவளின் சிவப்பு முக்காடு தெரிகிறவரை தாவூஸ் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு குனிந்து, வலிக்கிற காலின் ஷூவை அவிழ்த்தாள். காலுறையோடு பாதத்தைப் பாலத்தின் மேல் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"பேசாதீங்க." கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "இங்க வையுங்க காலை. தெரியுதா?"

நானும் செருப்பைக் கழற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பின்பு தெரிந்தது. எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பாலம் லேசாக அதிர்ந்து, அந்த அதிர்வு எங்கள் பாதம்வரை வந்து சேர்ந்தது. வண்டி என்ஜின் மேல் கை வைத்தால் தெரிகிற மாதிரி.

"ஓடும்போது இது தெரியவே தெரியாது," என்றாள். "நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும் போல."

அவன் அந்தக் கரையில் இறங்கியதும் பாலம் அடங்கிவிட்டது. எங்கோ முதல் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அவள் பாதத்தை எடுக்கவில்லை. இன்னொருவன் ஓடி வருவான் என்று காத்திருந்தாள். நானும் அவளோடு நின்றேன்.