நெடுந்தீவில் விட்டுப்போக முடியாத மோட்டார் சைக்கிள்

சுவிஸிலிருந்து தரையிலும் கப்பலிலுமாக நான் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள், இன்று காலை படகில் நெடுந்தீவு வந்து இறங்கியது.

இறங்குதுறையில் நின்ற மாமி, என்னைக் கட்டிப்பிடிக்கும் முன்னமே கேட்டார். "பிள்ளை, போகேக்கை இதை விட்டிட்டுத்தானே போவாய்?"

அவரில் பிழையில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சப்பாத்து, போன், சூட்கேஸ் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறுவதுதான் எங்கள் வழக்கம். போனமுறை போட்டிருந்த ஜக்கெற்றையே கழற்றிக் கொடுத்தவள் நான்.

ஆனால் இந்த வண்டி கார்னே என்கிற சுங்கப் பத்திரத்தோடு வந்தது. தற்காலிகமாகக் கொண்டுவந்ததால் இறக்குமதி வரி இல்லை. அதற்குப் பதிலாக, அது நாட்டைவிட்டுத் திரும்பிப் போயே ஆகவேண்டும்.

மாமியின் மகன் ஏற்கனவே ஹெல்மெற் வாங்கி வைத்திருந்தான்.

"துலைஞ்சு போச்செண்டு சொல்லுங்கோவன் அக்கா."

"சுத்திவரக் கடல். இஞ்சை எங்கையடா துலையிறது?"

"அப்ப ஒருக்கா ஓடிப் பாக்கட்டே?"

"அதுவும் ஏலாது, பத்திரத்திலை என்ரை பேர்தான் கிடக்கு. பின்னாலை ஏறு."

பின்னேரம் வரை வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோரும் அதையே கேட்டார்கள். எல்லோருக்கும் பத்திரத்தைக் காட்டி, ஏலாது என்றேன். ஒருவருக்கும் நான் இளகவில்லை.

கடைசியாக மாமி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்து, பத்திரத்தைக் கையில் எடுத்தார்.

"மோட்டச்சைக்கிள் கட்டாயம் திரும்பிப் போகவேணும் எண்டுதானே இதிலை கிடக்கு?"

"ஓம் மாமி."

"உன்னைப் பற்றி ஒண்டும் இல்லையே?"

காலையிலிருந்து ஏலாது, ஏலாது என்ற நான் இப்போது பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். சுங்கத்தில் வேலை செய்யும் ஆட்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.